பாறைக்கு வழி கேட்டவர்களும் அப்பாவும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் வாழ்க்கையை எழுதும்போது, என் மகளைப் பற்றியும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது வெள்ளகோவிலுக்குத் தெற்கே, பாறையை ஒட்டிய எங்கள் ஊரில். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மழையை நம்பிய காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டார். எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். சொன்ன சொல்லை மாற்றியவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

பாறையை உடைத்துக் கல் எடுக்கக் கம்பெனி ஒன்று அனுமதி வாங்கி வந்தது. லாரி போக எங்கள் மேய்ச்சல் காட்டின் வழியாகத்தான் பாதை. அப்பா கொடுக்க மறுத்தார். வெடி வைத்தால் கிணறுகள் போய்விடும் என்று வீடு வீடாகச் சென்று மனுவில் கையெழுத்து வாங்கினார். ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப் பேர், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று கம்பெனி பக்கம் நின்றார்கள். பங்காளிகளுக்குள் பேச்சு நின்று, கோயில் நோன்புத் திருவிழாவே நடக்காது என்ற நிலை வந்தது.

அப்போது அப்பாவே, "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க. எது வந்தாலும் நான் கட்டுப்படறேன்" என்றார். பெண் கொடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் எங்கள் ஊரில் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. இம்முறை கேட்டது, பாதை விடலாமா என்று.

பள்ளி விடுமுறைக்கு, நான் வாழ்க்கைப்பட்ட சிங்காநல்லூரிலிருந்து நாங்கள் வந்திருந்தோம். "யாரு புள்ளைய எடுக்கச் சொல்றது?" என்று பூசாரி கேட்டார். ஏழு வயது மகளை நான்தான் முன்னால் அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன். அவள் எடுத்தது வெள்ளை.

அப்பா அன்றே மனுவைத் திரும்பப் பெற்றார். பாதையையும் விட்டுக்கொடுத்தார்.

மூன்று கோடைக்குள் எங்கள் கிணறு வற்றியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுச் சுவர் வெடித்தது. சோற்றில் கல்தூள் கடிபட்டது. அப்பா மறுபடி மனுவோடு கிளம்பினார். சொல் மாறாதவர் என்ற பெயர் அதோடு போயிற்று. டீக்கடையில் பெரியப்பாவின் மருமகன் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

"ஏனுங்க மாமா, சாமி சொன்னத தாசில்தார் மாத்திப்போடுவாருங்களா?"

"சாமி மேல தப்பில்லீங் மாப்ள. நாம யோசிக்க வேண்டியதச் சாமி தலைல கட்டிப்போட்டோம். கேட்டது நானு. அந்தத் தப்ப நான்தான் திருத்தோணும்."

"அப்ப அடுத்த நோன்புக்கு அம்மனையே மனு எழுதச் சொல்லீர்லாமுங்க" என்று அவர் சொல்ல, கடையே சிரித்ததாம். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். அதன் பிறகும் பன்னிரண்டு பேர் அவரோடு கையெழுத்திட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மத்தியானம் எச்சரிக்கைச் சங்கு ஊதாமலே வெடி வைத்தார்கள். எருமையை அவிழ்க்கப் போன அப்பாவின் இடுப்பில் கல் வந்து விழுந்தது. பதினொரு நாள் கோவை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அவள் கட்டிலருகே நின்று, "அப்புச்சி, நான் செவப்ப எடுத்திருந்தா உங்களுக்கு அடிபட்டிருக்காதுங்களா?" என்று கேட்டாள். அதுவரை அவள் மனதில் அப்படி ஒன்று கிடந்தது எனக்குத் தெரியாது.

"ஏங் கண்ணு, கேக்கலாம்னு சொன்னது நானு. உன்ற கை பொட்டலத்த எடுத்துச்சு, அவ்வளவுதான். சின்னப் புள்ளைய எடுக்கச் சொல்லிப்போட்டு நாங்க பெரியவங்க சும்மா நின்னோம் பாரு" என்றார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அவள் கொஞ்சம் தேறியிருப்பாள். ஆனால் இழவு வீட்டில் ஒருவர், "இந்தப் புள்ள எடுத்த பூதான் மனுசன இப்படிக் கெடத்திருச்சு" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். யார் என்று எழுத மாட்டேன். துக்கத்தில் சொன்னதுதான். அன்று முதல் அவள் எதையும் தானாக எடுப்பதில்லை. கடையில் இரண்டு ரிப்பன் காட்டினால் என் முகத்தைப் பார்க்கிறாள். அரையாண்டுப் பரீட்சையில், இரண்டில் ஒன்றுக்கு விடை எழுதச் சொன்ன இடங்களை எல்லாம் வெறுமையாக விட்டு வந்தாள். பதினொரு வயதுதான் ஆகிறது. இது எங்கே போய் நிற்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அடிபட்ட அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு வேனில் ஏற்றியவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கும், பேச்சு வாங்கியும் கையெழுத்தை அழிக்காத பன்னிரண்டு பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குவாரி மீதான விசாரணை அடுத்த மாதம் நடக்கிறது. அப்பாவின் இடத்தில் நான் போய் நிற்கிறேன். முடிந்தவர்கள் வாருங்கள்.

வர முடியாதவர்கள்மீது வருத்தமில்லை. திதிக்கு வரும்போது என் மகள் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பூவைப் பற்றிப் பேச வேண்டாம். யாரையாவது குறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அவளை முன்னால் அனுப்பியவள் நான், என்னைச் சொல்லுங்கள்.