கத்தியை மடக்கிய பிறகு

லூஷியஸ் பெட்டிவே சவரக்கத்தியை மடக்கி, கண்ணாடிக்குக் கீழே பலகையில் வைத்து, அதன் மேல் ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். "கத்தி கையில இருக்கும்போது ஒருத்தர்கிட்ட கையெழுத்து கேட்டா அதுக்குப் பேர் வேற, சார். எனக்கு நியாயமாக் கிடைச்சா போதும்." ஆனால் போர்வையை மட்டும் அவிழ்க்க மாட்டார். கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திய மக்கள் பிரதிநிதி எழுந்து எங்கே போய்விட முடியும்?

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்ச்சபை உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடத்தில், தரைக்குக் கீழே உள்ள தளத்தில் அவருடைய முடிதிருத்தும் கடை. மூன்று நாற்காலிகள். எழுபது வயது, அலபாமாக்காரர், அரைக்கால் அங்குலம் கூடக் கலையாத மீசை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தால் தொலைக்காட்சியில் செய்தியை நிறுத்திவிட்டு விளையாட்டைப் போடுவார். இன்னொரு விசித்திரமும் உண்டு. தேவை இருக்கிறதோ இல்லையோ, அவருடைய இடக்கை எப்போதும் வாடிக்கையாளரின் பின்னந்தலையில் இருக்கும். போன் வந்தால்கூட வலக்கையால்தான் எடுப்பார். தொழில் பழக்கம் என்று நான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்கும் கையெழுத்து வெர்னன் காஸுக்காக. ஐம்பது வருடங்களுக்கு முன் அறுபத்திரண்டு நாள் விண்வெளியில் இருந்துவிட்டுக் கடலில் வந்து இறங்கிய மூவரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வயது தொண்ணூற்றொன்று. அவர்களை மீட்ட கப்பலில் அன்றைக்கு முடிதிருத்துபவராக இருந்தவர் லூஷியஸ். மூவருக்கும் நாட்டின் பொற்பதக்கம் தர மசோதா கொண்டுவந்தது நான் வேலை பார்க்கும் உறுப்பினரின் அலுவலகம். பதக்கம் என்றால் சும்மா கழற்றிக் கொடுத்துவிட முடியாது, சட்டம் போட வேண்டும். நானூற்று முப்பத்தைந்து உறுப்பினர்களில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் கையெழுத்திட்டால்தான் மசோதாவைப் பரிசீலிக்கும் சபைக் குழு அதைத் தொட்டே பார்க்கும். நான் மாடி மாடியாக ஏறி ஒரு மாதத்தில் வாங்கியதை இவர் நின்ற இடத்திலேயே ஒரு வாரத்தில் வாங்கிவிடுவார். எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"நான்தான் அப்பவே போட்டுட்டேனே, லூஷியஸ்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். பொய்யில்லை. போன சபையில் போட்டிருந்தார்கள். சபையின் இரண்டு வருடக் காலம் முடிந்ததும் மசோதாவும் செத்துவிடும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சட்டம் செய்கிறவர்களுக்கே இது மறந்துவிடுகிறது. "அது போன ஜென்மத்துக் கையெழுத்து சார். இந்த ஜென்மத்துக்கு ஒண்ணு போடுங்க" என்பார் லூஷியஸ். இரண்டு முறை இப்படிச் செத்த மசோதா இது. மூன்றாவது சாவைக் காஸ் இருந்து பார்க்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

டிசம்பர் கடைசியில், சபை கூடிய இறுதி நாளன்று, எங்களிடம் இருநூற்று எண்பத்தொன்பது இருந்தது. மேலவையில் வேண்டிய கையெழுத்துகள் முன்பே சேர்ந்துவிட்டன. இங்கே இன்னும் ஒரு பெயர் வந்தால் அன்று மாலையே வாக்கெடுப்புக்கு விடுவதாகக் குழுவில் சொல்லியிருந்தார்கள். ஊருக்குக் கிளம்புமுன் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார் மெர்ல் டீகன். நெப்ராஸ்கா உறுப்பினர், சோள விவசாயி, ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் வாசலில் நின்றேன்.

கத்தி மடங்கியது. துண்டு விழுந்தது.

"அந்தக் காகிதம் எங்க இருக்குன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். என்கிட்ட கேக்காதீங்க" என்றார் டீகன். "அந்த மனுஷன் சம்பளம் வாங்கினார், போனார், வந்தார். எங்க ஊர்ல விடிய விடிய ரோட்டுப் பனி தள்ளுறவனுக்கு யார் பதக்கம் குடுத்தா?"

"குடுக்கலாமே சார். மசோதா கொண்டு வாங்க, கையெழுத்து நான் வாங்கித் தர்றேன்."

டீகன் சிரித்தார், ஆனால் மசியவில்லை. வழக்கமாக லூஷியஸ் இந்த இடத்தில் விட்டுவிடுவார். அன்று விடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார்.

"தலையை என் கையில விடுங்க."

"விட்டுட்டேனே."

"இல்ல. இன்னும் நீங்கதான் பிடிச்சிருக்கீங்க. முழுசா விடுங்க."

சற்று நேரம் ஆயிற்று. டீகனின் கழுத்து தளர்ந்து, தலை அந்த இடக்கையில் இறங்குவதை நான் பார்த்தேன்.

"இவ்வளவுதான் சார் ஒரு தலை. ஒரு பூசணிக்கா கனம். மேல ஆகாசத்துல எடையே இல்லாம இருந்துட்டு வந்த மனுஷனால இதை நிமிர்த்த முடியல. முடி வெட்டி முடியிற வரைக்கும் இப்படித்தான் என் கையில வச்சிருந்தேன். எனக்கு இருபது வயசு. 'வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதப்பா'ன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் போட்டோக்காரங்க. முடிஞ்சதும் எழுந்தார், தானே நடந்து போனார், தலையை நிமிர்த்திக்கிட்டு அவ்வளவு பேருக்கும் சிரிச்சார். அந்தப் போட்டோவை நீங்க பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்க. என்ன விலை குடுத்து நின்னார்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அம்பது வருஷம் நான் வாயத் தொறக்கல."

"இப்ப சொல்றீங்களே?"

"போன வாரம் போன் போட்டுக் கேட்டேன். 'இப்பல்லாம் என் தலையை நர்ஸம்மாதான் பிடிக்குது, சொல்லித் தொலை'ன்னார்."

டீகன் கண்ணை மூடியபடியே இருந்தார். தொலைக்காட்சியில் யாரோ ஓடி, யாரோ விழுந்து, கூட்டம் கத்தி ஓய்ந்தது. பிறகு வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து அவருடைய வலக்கை மெல்ல வெளியே வந்து விரிந்தது.

லூஷியஸ் ஒற்றைக் கையாலேயே கண்ணாடிப் பலகையிலிருந்து கையெழுத்துத் தாள் வைத்த அட்டையை எடுத்து அவர் மார்பில் வைத்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, பேனாவை அந்த விரல்களுக்கு நடுவே செருகினார். கையெழுத்து விழுந்த பிறகும் அவர் இடக்கையை எடுக்கவில்லை.