பக்கம் ஒன்பதில் ஒரு புலி

சிறுவர் புத்தகங்களைச் சிறுவர்கள் வாங்குகிறார்கள் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் இதை உடனே மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கரியாஹாட்டில் புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய சிறுவர் புத்தகங்களும் பழைய பொம்மைகளும் விற்கும் கடையை ஒன்பது வருடமாக நடத்திவருகிறேன். இதுவரை தானாக உள்ளே வந்த சிறுவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று கேட்டான். மற்றபடி வருவதெல்லாம் ஐம்பது தாண்டியவர்கள். எட்டு வயதில் அண்ணன் கிழித்துப்போட்ட புத்தகத்தைத் தேடி வருவார்கள். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, அட்டை பச்சை நிறம் என்பது மட்டும் தெரியும். கடையில் நின்று பழகியவர்களுக்கு இந்தப் பச்சை அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழைய புத்தகங்களில் வெளியூர்க்காரர் யாரும் சரியாக வரையப்பட்டதில்லை. ஆப்பிரிக்கர் என்றால் முகத்தில் பாதி உதடு. சீனர் என்றால் கண்ணுக்குப் பதில் இரண்டு கோடு. நானோ கடை வைப்பதற்கு முன்னால் முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். எனக்கு இவையெல்லாம் அச்சுப்பிழைகளாகத்தான் தெரியும். அதனால் தப்பான படம் இருக்கும் புத்தகத்தில் ஒரு பிழைதிருத்தச் சீட்டை வைத்தே விற்பேன். வங்காளி முறைப்படி அதில் இரண்டு பத்திகள்: அஷுத்தோ, ஷுத்தோ. தவறு, சரி என்று பொருள். தமிழ்க் காதுக்கு அசுத்தம், சுத்தம் என்று விழும். அதையும் நான் ஆட்சேபிப்பதில்லை.

கடையில் பாதிப் பங்கு சந்தனா-தீயுடையது. பழைய வீடுகளைக் காலிசெய்யும்போது போய் மூட்டை மூட்டையாக வாங்கிவருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் இந்த ஊர் வழக்கப்படி அவர் எனக்கு 'தீ', அதாவது அக்கா. முதல் சீட்டைப் படித்துவிட்டு அவர் சொன்னது: "மணிபாபு, ரிட்டயர் ஆனது உங்கள் உடம்பு மட்டும்தான்."

மீனை முந்தியவர்

ஒருமுறை வந்த மூட்டையில் ஒரு வங்காளி அரிச்சுவடி இருந்தது. 'ம' எழுத்துக்கு மயில் போட்டிருக்கலாம். இந்த ஊரில் நியாயப்படி மாச், அதாவது மீன், போட்டிருக்க வேண்டும். போட்டிருந்ததோ மதராஸி. வங்காளத்தில் மீனைத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்ததைப் பெரிய மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். படத்தில் இருந்தவருக்குக் குடுமி, வெற்று மார்பு, கையில் ஒரு வாளி சாம்பார். நெற்றியில் விபூதிப் பட்டை, அதன்மேலேயே நாமம். எத்தனையோ காலத்துச் சண்டையை அந்த ஓவியர் ஒரே நெற்றியில் தீர்த்துவைத்திருந்தார். 'அஷுத்தோ: பட்டையும் நாமமும். ஷுத்தோ: ஏதாவது ஒன்று' என்று எழுதிச் சொருகினேன்.

அடுத்த நாள் வந்த ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். என் பெயரையும் ஊரையும் விசாரித்து உறுதிசெய்துகொண்டார். பிறகு, ஏமாற்றத்தை மறைத்துக்கொள்ளாமல் சொன்னார்: "ஆனால் நீங்கள் சட்டை போட்டிருக்கிறீர்களே."

ஆசையாக வைத்துக்கொள்வது

டாலிகஞ்சில் எங்கள் அடுக்ககத்தில் மேல் மாடியில் இருப்பவர் பிருந்தா மாமி. கணவர் பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்தவர். நவராத்திரிக்கு முன்னால் கொலுவுக்குப் பொம்மை தேடிக் கடைக்கு வந்தார். வந்த இடத்தில் அரிச்சுவடி கண்ணில் பட்டுவிட்டது. வங்காளி எழுத்துக் கூட்டிப் படிப்பார். சீட்டைப் பார்த்துவிட்டுப் புத்தகம் அசுத்தமா, ஏதாவது கொட்டிவிட்டதா என்று முதலில் கேட்டார். விளக்கியதும் படத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார். நம்மை இப்படித்தான் நினைத்திருக்கிறார்களா, குழந்தைகள் மனதில் இதை ஏற்றினால் உருப்படுமா என்று கால் மணி நேரம் பேசினார். எனக்கும் உற்சாகமாக இருந்தது.

ஓய்ந்ததும் தனக்கு வேண்டிய பட்டியலைச் சொன்னார். மளிகைக் கடை வைத்திருக்கும் தொப்பைச் செட்டியார் ஒன்று, ஊசிமணி பாசிமணி போட்ட குறவன் குறத்தி ஒரு ஜோடி. நான் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, குறவன் குறத்திக்கு 'அஷுத்தோ' பத்தியில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வேற மணி. அவாளை நாம ஆசையாத்தானே வெச்சுக்கறோம்."

தலையாட்டும் தகரம்

சாவி கொடுத்தால் தலையாட்டும் தகரப் பொம்மை ஒன்று இருந்தது. நீளச் சடை, மஞ்சள் முகம், கோடு போட்ட கண், காது வரை பல். ஒரு சனிக்கிழமை ஒரு பெண்மணி அதைக் கையில் எடுத்தார். சீன வம்சம்; கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இதே ஊர். பல் மருத்துவர். அவர் பேசிய வங்காளிக்கு முன்னால் என் வங்காளி தலைகுனிந்து நின்றது. அதை அலமாரிக்குள் ஒளித்துவைக்காமல் போனேனே என்று எனக்குக் கூச்சம். அவர் சாவி கொடுத்து மூன்று முறை ஆடவிட்டார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் வைக்கப்போகிறாராம். "சின்ன வயதிலேயே என்னிடம் வந்திருந்தால் கம்பி போட்டுச் சரிசெய்திருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லலாம்."

பக்கம் ஒன்பது

இனிச் சொல்லப்போவதில் பிழை என்னுடையது. அருகில் உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியை, இரண்டாம் வகுப்பின் வாசிப்பு மூலைக்காக ஒரு பெட்டி புத்தகம் வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்து ஜோசப் கடைக்கு வந்தார். நைஜீரியாக்காரர், கால்பந்து விளையாட வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். கோல்கீப்பராக இருந்தவர், இப்போது பயிற்சியாளர். கூடவே ஏழு வயது மகள் தியா. ஜோசப் ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். தலைமுடியில் எலும்பு செருகி, பெரிய சிவப்பு உதடுகளோடு, அடுப்பில் அண்டா வைத்துக்கொண்டு ஓர் ஆப்பிரிக்கர். கீழே 'ஹும்பா ராஜா' என்று பெயர். வகுப்பில் தியாவுக்கு இப்போது அதுதான் பெயர். ஆறு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை; காலையானால் வயிற்றுவலி. வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறாராம் அவள் அம்மா.

பக்கத்தில் என் சீட்டு இருந்தது. படத்தின் மூலையில் ஒரு புதர், புதருக்குள் பாதி மறைந்து ஒரு புலி. 'பக்கம் 9. அஷுத்தோ: புலி. ஷுத்தோ: சிறுத்தை. ஆப்பிரிக்காவில் புலி கிடையாது.' எழுதிய அன்று சந்தனா-தீயிடம் பெருமையாகக் காட்டியதுகூட நினைவிருக்கிறது. அந்த மனிதரை எப்படிப் பார்க்காமல் போனேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஜோசப் குரலை உயர்த்தவில்லை. மைதானத்து வங்காளியில், என்னை இந்த ஊர் வழக்கப்படி அண்ணனாக்கி, மெதுவாகச் சொன்னார்: "புதருக்குள் இருந்த புலி வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள், மணி-தா."

புதிய சீட்டு

மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். அந்தப் பிள்ளைகள் அதை மனப்பாடமே செய்துவிட்டார்கள், இனிக் கிழித்து என்ன செய்ய என்றார் சந்தனா-தீ. எங்களுக்குள் இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், தியா என் சீட்டைப் படித்துவிட்டு, இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமா என்று கேட்டாள். தவறைக் கண்டுபிடித்தவர் எழுதலாம் என்றேன். ஸ்டூலில் முட்டிபோட்டு எழுத ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சொல்லுக்கு எழுத்துக் கேட்டாள். நான் சொன்னேன். சந்தனா-தீ அதைத் திருத்தினார்.

எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டினாள். 'பக்கம் 9. அஷுத்தோ: இந்த ஆள். ஷுத்தோ: என் அப்பா. வெள்ளிக்கிழமை டிபன் நேரத்தில் கையுறையோடு வருவார்.' ஜோசப் அதை இரண்டு முறை படித்தார். நிரம்பிய மைதானத்தில் பெனால்டிக்கு எதிரே நின்ற மனிதர், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தன்னையும் பார்த்து அதே பெயரைச் சொல்லிச் சிரித்தால் என்ன செய்வது, மகள் அதைப் பார்க்க வேண்டுமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். தியாவுக்குக் காது கூர்மை. "சிரித்தால் சிரிக்கட்டும் பாபா. நீ ஒரு பந்தைக்கூட விடாதே."

சீட்டோடு புத்தகத்தை அவளே எடுத்துப்போனாள். பிறகு நடந்ததை ஆசிரியை போனில் சந்தனா-தீயிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். புலியைப் பிடித்துவிட்டு மனிதரைக் கோட்டைவிடுவதுதான் முப்பது வருடமாக நான் செய்துவந்த தொழில் என்று இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன். ஜோசப் கையுறையோடு போன அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பில் எல்லோரும் கோல்கீப்பராகவே நிற்கிறார்களாம். பந்தை உதைக்க ஆள் கிடைக்கவில்லையாம்.