ஆள்காட்டியின் முட்டைகளும் என் சிவப்புத் துணியும்

வலசை வந்த வாத்துகள் கிளம்புவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் மார்ச் இரண்டாம் வாரம் போனேன். சூரமங்கலத்தில் என் வீட்டிலிருந்து நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஏரிக்கு பைக்கில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். சனிக்கிழமை காலை 5.10க்குக் கிளம்பி 6.20க்குக் கரையில் நின்றேன். பெட்ரோல் 220 ரூபாய், ராசிபுரத்தில் டீ 12.

வாத்துகள் போய்விட்டிருந்தன. வயிற்றெரிச்சல்தான். சரி, வந்ததற்கு நடப்போம் என்று தண்ணீர் வற்றிய பக்கம் இறங்கினால், ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே வந்து கத்தித் தீர்த்தது. இப்படிக் கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். தேடினேன். மாட்டுக் குளம்படி பதிந்த மண்ணில் நான்கு முட்டைகள், மண் நிறத்திலேயே, கருப்புப் புள்ளிகளோடு.

நூறு அடி தள்ளி டிராக்டர்கள் வயலுக்கு வண்டல் மண் அள்ளிக்கொண்டிருந்தன. எனக்குப் பகீரென்றது. நாளைக்கு இங்கே வந்துவிடுவார்களே! பெரிய புத்திசாலி மாதிரி, பைக் துடைக்கும் சிவப்புத் துணியை ஒரு குச்சியில் கட்டி, முட்டைகளுக்கு இரண்டடி தள்ளி நட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வம்பு வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மனசு கேட்காமல் ஞாயிறு மறுபடி போனேன். மணி 6.30. என் குச்சிக்கு நேர் எதிரே டிராக்டர் நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும், முட்டைகளைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இந்தக் குச்சிய நட்டது நீங்களுங்களா?"

"ஆமாங்க. யாரும் தோண்டிடக் கூடாதுன்னுதான்..."

"அட போங்க சாமி. மறுநா எங்க வெட்டோணும்னு செவப்புத் துணி கட்டி வெக்கறதுதானுங்க எங்க வழக்கம். அதப் பாத்துத்தான் நேரா இங்க ஓட்டியாந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"சக்கரத்துக்கு முன்னால றெக்கைய விரிச்சுட்டு நின்னுச்சுங்க. ஆரன் அடிச்சும் நகரல. எறங்கிப் பாத்தாத்தான் முட்டை இருக்கறது தெரியுது."

துணிக்குப் பதில் வேறு என்ன வைக்கலாம் என்றேன்.

"ஒண்ணும் வேண்டாமுங்க. ஓட்டறது நாங்க மூணு பேரு. வாயில சொன்னாப் போதுமுங்க. அந்தக் குச்சிய மட்டும் பிடுங்கிப் போடுங்க." மற்ற இருவருக்கும் அங்கிருந்தே போன் செய்தார்.

இந்த ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் கரையில் இருங்கள், ஒன்பதுக்கு மேல் வெயில் தாங்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் கடை கிடையாது. பைனாகுலரை வெளியே எடுப்பதற்கு முன் ஏரியில் வேலை செய்கிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள்.

டிராக்டர் ஐம்பது அடி தள்ளிப் போய் மண் அள்ளத் தொடங்கியது. ஆள்காட்டி திரும்பி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. குச்சியைப் பிடுங்க நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். உடனே எழுந்து, டிராக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தியது. கத்தட்டும். எனக்கு இது வேண்டியதுதான்.