தொகுப்பாளர் சார்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள மலையூரான வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கட்டடத்தைத் தாண்டினால் ஒரு மருந்துக் கடை. அதன் மாடியில் லிஜி சேச்சியின் கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், போட்டோ, பஸ் டிக்கெட், எல்லா விதமான ஆன்லைன் விண்ணப்பங்களும் அங்கே நடக்கும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவற்றையெல்லாம் செய்பவர் பூமாரி அக்கா.

டிகிரி முடித்த பிறகு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பத்தான் நான் அங்கே போக ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "வேலை கிடைச்சிருச்சா" என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பேன். கேட்காத வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், அனுப்ப விண்ணப்பம் இல்லாத நாட்களிலும் மாடியேறிப் போய்விடுவேன். அக்கா பக்கத்து நாற்காலியில் இருக்கும் காகிதக் கட்டை எடுத்துக் கீழே வைப்பார். உட்கார் என்று அர்த்தம்.

அக்காவின் அப்பா ராக்கப்பனும் அம்மாவும் ஏலத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் போனதும் கீழே கம்பத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. தபால் வழியில் பி.காம் படித்தவர். லிஜி சேச்சியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தபின், ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வாடகை அறையில் தனியாக இருக்கிறார். மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனால் சாவி அக்காவிடம் இருக்கும். "ஞாயிறாழ்ச்ச கூட நினக்கு இதுதானா வீடு?" என்று லிஜி சேச்சி கேட்பார். "வீட்ல நெட் இல்ல சேச்சி" என்பார் அக்கா. அது பாதி உண்மை.

ஞாயிறு மதியங்களில் அக்கா பார்ப்பது வேறு வேலை. தமிழில் வலைப்பதிவு எழுதும் இணைய நிரலாளர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கோயம்புத்தூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பவர்கள். அவரவர் தளத்தில் அவரவர் எழுதுவதை அக்காவின் நிரல் ஒன்று மணிக்கொரு முறை போய்த் திரட்டி வந்து ஓரிடத்தில் அடுக்கும். அந்த இடத்தின் பெயர் 'ஒரே பக்கம்'. நடுவில் புதிய பதிவுகள், ஓரத்தில் எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியல். அதோடு நில்லாமல், வாரத்துக்கு ஒரு முறை அத்தனை பதிவுகளையும் படித்து, யார் என்ன சொன்னார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று 'இந்த வாரம்' என்ற தலைப்பில் அக்கா சுருக்கி எழுதுவார். ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தார்: "நிரலை இயந்திரமே எழுதித் தரும் காலத்தில் நாம் எதற்கு வலைப்பதிவு எழுத வேண்டும் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நால்வரும் அதை வலைப்பதிவில் எழுதித்தான் கேட்டிருக்கிறார்கள்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அதுல என் கருத்து எதும் தெரியுதா? தெரிஞ்சா எடுத்துருவேன்" என்றார்.

சுருக்கத்தின் கீழே அவர் பெயர் இருக்காது. 'தொகுப்பாளர்' என்று மட்டும் இருக்கும். ஆரம்பத்தில் பெயர் போடக் கூச்சப்பட்டு அப்படி எழுதினாராம். அதுவே நிலைத்துவிட்டது. வரும் அஞ்சல்கள் எல்லாம் 'தொகுப்பாளர் சார்' என்றுதான் தொடங்கும். 'சார், என் பதிவு ஏன் வரவில்லை?' 'சார், நான் சொன்னதை நீங்கள் தவறாகச் சுருக்கிவிட்டீர்கள்.' இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் கோயம்புத்தூர் மாரீஸ்வரனிடமிருந்து வரும். யாரோடும் ஒத்துப்போகாதவர், ஆனால் எல்லாரையும் படிப்பவர்.

நானும் கேலி செய்வேன். "சாருக்கு டீ வாங்கியாரவா?"

"சீனி கம்மியாச் சொல்லு. சாருக்கு வயசாகுதுல்ல."

பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. ஒரு வருடம் எதுவும் எழுதாதவரின் பெயர் தானாக நீங்கிவிடும். திரும்பச் சேர விரும்பினால் புதிதாக எழுதி, எழுதுபவர்கள் எல்லாரும் இருக்கும் அஞ்சல் குழுவுக்கு விண்ணப்பித்து, ஏற்கெனவே இருப்பவர்களில் இரண்டு பேர் சம்மதம் சொல்ல வேண்டும். செத்துப்போன பதிவுகளை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று மாரீஸ்வரன் சண்டை போட்டதில் வந்த விதி. அக்கா தயங்கியிருக்கிறார். அப்போது அவர் அம்மா கம்பத்திலிருந்து வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வேலைக்கு வராதவுக பேர வெட்டத்தான செய்வாக? தோட்டத்துல கங்காணி என்ன, நாளைக்கு வருவாகன்னு காத்துக்கிட்டா இருந்தாரு?" என்றாராம். அக்கா உட்கார்ந்து அப்படியே நிரலாக எழுதிவிட்டார். பெயர் நீங்கியவருக்கு ஓர் அஞ்சலும் தானாகப் போகும்படி செய்தார்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்று. மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய சுயவிவரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதைத் திருத்துவது என்றும் தெரியவில்லை. இருப்பதே ஒரு பக்கம்.

"ஏத்தா ஆர்த்தி. இங்கிட்டு வா."

போனேன். அக்கா பட்டியலின் மேல் விரல் வைத்திருந்தார்.

"என் பேரக் காணோம்."

"உங்க பேரா? நீங்கதான சார்?"

"அது சாரு. நான் பூமாரி. எனக்குன்னு ஒரு வலைப்பதிவு இருக்குல்ல, அது. பட்டியல்ல இருந்துச்சு. இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. மற்றவர்கள் எழுதியதைப் படித்துச் சுருக்கிச் சுருக்கியே அக்கா தன் வலைப்பதிவில் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டார். வருடம் ஓடிவிட்டது. அவர் எழுதிய நிரல் அவர் பெயரையே வெட்டிவிட்டது. அஞ்சல் பெட்டியில் தேடினார். நிரல் அனுப்பும் அறிவிப்புகளை அவர் திறப்பதே இல்லை. அந்தக் குவியலில் கிடந்தது. சத்தமாகப் படித்தார்.

"அன்புள்ள பூமாரி, நீங்கள் நீண்ட நாட்களாக எழுதவில்லை. எனவே உங்கள் பெயரை எடுத்துவிடுகிறோம். நீங்கள் நலம் என்று நம்புகிறோம். திரும்ப எழுதினால் மகிழ்வோம். தொகுப்பாளர்."

சிரிப்பதா என்று பார்த்தேன். அக்கா சிரித்தார், கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை.

"எம்புட்டு மரியாதையா எழுதிருக்காரு பாரு சாரு."

"நிரல்ல ஒரு வரிய மாத்துனா பேரு திரும்ப வந்துருமேக்கா."

"வந்துரும்."

மாற்றவில்லை. அஞ்சலின் தேதியைப் பார்த்தார். மழைக்காலம் தொடங்கும் முன்பே வந்திருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ அஞ்சல்கள் வந்திருக்கின்றன. இணைப்புச் சுட்டி உடைந்திருக்கிறது என்று ஒருவர், எழுத்துரு சிறியதாக இருக்கிறது என்று ஒருவர். பூமாரி எங்கே என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை.

"ரெண்டும் நீங்கதான்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். சாரு ஒருநா லீவு போட்டா ஊரே கேக்கும். இவளக் கேக்க ஆளில்ல."

அதற்கு அடுத்த ஞாயிறுகளில் அவர் அஞ்சல் பெட்டியைத் திறக்கும் விதம் மாறிவிட்டது. முதலில் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே பார்ப்பார், பிறகுதான் படிப்பார். எதைத் தேடுகிறார் என்று தெரிந்ததால் நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நானும் விண்ணப்பம் அனுப்பிவிட்டு இப்படித்தான் பெட்டியைத் திறக்கிறேனோ என்று தோன்றியது. எனக்காவது பதில் அனுப்பாமல் இருப்பவர்கள் அந்நியர்கள். அக்கா இவர்கள் எல்லாரையும் வரிவரியாக அறிந்தவர். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை போனது, யார் எந்த மொழியைக் கைவிட்டார் எல்லாம் தெரியும்.

ஒருநாள் கடையில் ஒன்று நடந்தது. ஒரு அம்மா, தோட்டத்தில் காய் எடுப்பவர், மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட வந்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். கடைசிப் பகுதிக்கு வரும்போது மழையில் இணைப்பு அறுந்தது. திரை வெள்ளையாகப் போய்விட்டது. நிரப்பியது ஒன்றும் இல்லை. அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனாத்தா?"

அக்கா திரும்பவும் முதலிலிருந்து நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிறு 'இந்த வாரம்' எழுதுவதற்கு முன் தன் சொந்த வலைப்பதிவைத் திறந்தார். 'மழையில் திறக்காத பக்கம்' என்று தலைப்பு வைத்தார். அந்த அம்மா கேட்ட கேள்வியில் தொடங்கியது. முழுப் பக்கத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இறங்கி வந்துதான் வரைய வேண்டும் என்று கட்டுகிறவர்கள், அது வந்து சேராத ஊரில் என்ன தெரியும் என்று ஒரு முறை பார்க்க வேண்டும். படிவம் முதலில் எந்த நிரலும் தேவைப்படாத வெறும் எச்.டி.எம்.எல்-ஆக நிற்க வேண்டும். தட்டச்சு செய்ததை, செய்கிற கருவியிலேயே சேமித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் நாம் செய்த தவறை ஒரு பெண் தன் தவறு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று எழுதினார். அக்காவின் கருத்தை நான் முழுதாகப் படித்தது அதுதான் முதல் முறை.

பிறகு எல்லாரையும் போல, புதிய பதிவின் முகவரியோடு குழுவுக்கு விண்ணப்பம் போட்டார். "என் பெயர் பூமாரி. பதிவைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"உங்க பக்கத்துக்கு நீங்களே மனுப் போடுறீங்க" என்றேன்.

"ஊருக்கெல்லாம் ஒரு விதி, எனக்கு ஒரு விதியா? பேசாம இருடி."

முதல் சம்மதம் சீக்கிரமே வந்தது. வேலந்தாவளத்திலிருந்து எழுதும் நவீன்குமார், அவரே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. "வாங்க, வாங்க. சேர்க்கலாமுங்க. புதுசா வர்றவங்களுக்கு ஒரு யோசனைங்க. முதல்ல 'இந்த வாரம்' பழசையெல்லாம் படிச்சுப் பாருங்க, நல்லாக் கத்துக்கலாம். ஏதாச்சும் தெரியலீன்னா தொகுப்பாளர் சாரைக் கேளுங்க, நல்ல மனுசனுங்க."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். "கேளுங்கக்கா, சாரக் கேளுங்க."

"நல்ல மனுசனாம்ல" என்றார் அக்கா. அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

இரண்டாவது சம்மதம் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. தொகுப்பாளரின் முகவரியிலிருந்து ஒரு வரி நினைவூட்டினால் யாராவது உடனே சொல்லியிருப்பார்கள். அந்த முகவரியும் அவர் கையில்தான் இருந்தது. அவர் எழுதவில்லை. எழுதுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சார் சொல்லி வரும் சம்மதம் பூமாரிக்கு எதற்கு?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நான் மாடியேறியபோது அக்கா எழுந்து நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. 'ஒரே பக்கம்' திறந்திருந்தது. நடுவில் மேலாக, அப்போதுதான் நிரல் திரட்டிக் கொண்டுவந்த பதிவு. மாரீஸ்வரனுடையது. தலைப்பு: 'மழை ஒரு வாதம் அல்ல: பூமாரிக்கு ஒரு மறுப்பு'.

ஓரத்துப் பட்டியலில் இல்லாத பெயர் பக்கத்தின் நடுவில், தலைப்பிலேயே இருந்தது.

நீளமான பதிவு. இது பழைய காலத்து வாதம். எல்லா ஊருக்கும் ஏற்பக் கட்டினால் செலவு இரண்டு மடங்கு. உணர்ச்சியை வைத்து நிரலை வடிவமைக்க முடியாது. பத்திக்குப் பத்தி அக்காவின் வரியை எடுத்துப் போட்டு எதிர்த்திருந்தார். நான்கைந்து தடவையாவது படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படிப் பிரிக்க முடியாது. கடைசியில்: "உங்கள் ஊரில் மழைக்காலத்தில் இணைப்பின் வேகம் எவ்வளவு? அளந்தீர்களா? எண்கள் இல்லாமல் பேசாதீர்கள். காத்திருக்கிறேன்."

"என்னக்கா, திட்டிருக்காரு?"

"ஆமாத்தா. நல்லாத் திட்டிருக்காரு."

"சேக்கலாம்னு சொல்லிருக்காரா?"

"அதச் சொல்ல மறந்துட்டாரு போல."

"அப்ப சம்மதத்துல சேராதுல்ல?"

"சேராது" என்றார். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். குடை என் கையில் இருந்தது, வாங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்துக் கடை வாசலில் நின்று வேகம் அளந்தார். ஏலக்கடை முக்கு வரை போய் அளந்தார். அந்த முக்கில் போன் சில சமயம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும், திரும்பினால் கேரளாவுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் நின்று அளந்தார். ஞாயிறு ஆனதால் சாலையில் ஆளில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மழையில் போனை உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாராவது பார்த்திருந்தால் யாரோ அழைப்பதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

நனைந்து மேலே வந்தார். எண்களைத் தன் பதிவில் குறித்து வைத்துவிட்டு, மறுப்புக்கு மறுப்பைப் பிறகு எழுதலாம் என்றார். முதலில் 'இந்த வாரம்' முடிய வேண்டும்.

அதில்தான் சிக்கல் வந்தது. அந்த வாரத்தின் பெரிய சண்டை இதுதான். சொல்லாமல் விட முடியாது. ஆனால் பட்டியலில் இல்லாதவர்களின் பெயரைச் சுருக்கத்தில் எழுதுவதில்லை என்பது தொகுப்பாளரின் வழக்கம். அக்கா தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு எழுதினார்:

"மாரீஸ்வரன் இந்த வாரம், நம் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் பதில் சொல்வார் என்று தெரிகிறது."

"என் கருத்து எதும் தெரியுதா?" என்று என்னைக் கேட்டார்.

தெரிகிறது. ஆனால் 'இல்லை' என்றுதான் சொன்னேன். வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்து, நடுவில் இருந்த அந்தத் தலைப்பை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.