வலது பக்கத்து மினார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடைக்கால முற்பகலில், தூத்துக்குடியில் ஒரு கண் மருத்துவமனைக்கு என் மனைவியை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். நான் துணைக்குத்தான் போனேன். அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன்; என் கண் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் நிலக்கரித் தூசி விழுந்து எனக்கு வலது கண் உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் கைக்குட்டையால் பொத்தியபடி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளுக்குப் பொழுது போகவில்லை. “எதுத்தாப்ல ஒரு பெரிய படம் இருந்துச்சே, தாஜ்மகாலா அது?” என்று கேட்டாள்.

தாஜ்மகால் இல்லை. மொகலாயர் காலத்து வேறொரு கல்லறை என்று கீழே எழுதியிருந்தது. வெள்ளைச் சலவைக்கல் சுவர் முழுக்கப் பூக்கொடிகளும் ஜாடிகளும் பதித்த வேலைப்பாடு, வலை பின்னியதுபோல் கல் ஜன்னல்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இடது ஓரத்தில் தூண்போல் ஒரு மினார் கோபுரம் நிற்கிறது, வலது ஓரத்தை மட்டும் மூட்டமாக விட்டுவிட்டார்கள் என்றேன்.

அடுத்த நாற்காலியில் புன்னைக்காயலில் இருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். “அண்ணாச்சி, அங்கிட்டும் ஒண்ணு நிக்குல்லா? நல்லாப் பாருங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அங்கே ஒன்றும் இல்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் எழுந்துபோய் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் கையும் மூட்டத்துக்குள் போனது. முகத்தைத் திருப்பினேன், மினார் தெரிந்தது. நடு மண்டபத்தைப் பார்த்தேன், மறைந்தது.

தூசி விழுந்ததால்தான் என்று சமாளித்தேன்.

“தூசி விழுந்தது வலது கண்ணுலல்லா?” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. நான் பார்த்துக்கொண்டிருந்தது இடது கண்ணால்.

அதற்குள் நர்ஸ் அந்த அம்மாவைக் கூப்பிட்டார். “எனக்குப் பதிலா இவரு போட்டும்மா. நான் பொறவு காட்டுதேன்” என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

கண் அழுத்தம் கூடி, இடது கண் நரம்பு பாதிக்குமேல் கெட்டிருந்தது. போன பார்வை திரும்பாது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

வேலையில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வலது கண் இன்னும் நன்றாகத்தானே தெரிகிறது? ஆனால் நான் சரக்கை இறக்கும்போது கீழே கொக்கி மாட்டும் ஆட்கள் நிற்பார்கள். மேலே இருப்பவன் கண்ணுக்கு நாம் தெரிவோம் என்ற தைரியத்தில்தான் நிற்பார்கள். மூன்றாம் நாள் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இப்போது கிடங்கில் சரக்கு வரவு எழுதுகிறேன். கிரேனை அண்ணாந்து பார்க்கும்போது சில நாள் மனசு கேட்பதில்லை. புன்னைக்காயல் அம்மாவின் பெயரைக்கூட அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கொக்கி மாட்டும் ஆட்கள் டீ குடிக்க வரும்போது அவர்கள் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிகிறதே, அது அந்த அம்மா எனக்குத் தந்ததுதான்.