எடைக்கு மேல் இரண்டு கொத்து

பதுளை கடைவீதியில் நான் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. மரக்கறியை நிறுத்து, தட்டிலிருந்து பைக்குள் கொட்டும்போதே அவருடைய இடது கை தானாகக் கீழே போகும். அங்கே நனைந்த சாக்குக்குள் கருவேப்பிலை இருக்கும். பார்க்காமலே இரண்டு கொத்தை இழுத்துப் பையின் மேல் போட்டுவிடுவார். டாக்டர் வீட்டு அம்மாவுக்கும் இரண்டு கொத்து, தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் கொழுந்துக்காரிக்கும் இரண்டு கொத்து. நான் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. வேதக் கோயிலில் பாடற்குழு நிற்கும்போது கூட எத்தனை பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் முதலாளி மறந்துவிட்டார். என் அண்ணி பையை வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

“மொதலாளி, கை ஏதும் சுளுக்கிக்கிச்சா?”

“ஏன் அக்கா?”

“இல்ல, எலைய காணோமே, அதான் கேட்டேன்.”

கடை முழுவதும் சிரித்தது. முதலாளி அன்று நாலு கொத்து போட்டார். அண்ணி அதில் இரண்டை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். உரியது எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்பது அவருக்கு அவ்வளவு துல்லியம்.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தார். கொழுந்து பறித்தே காலம் முழுவதும் போயிற்று. அண்ணன் செத்த பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே மகள். மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் பதுளைக்கு வருவார். கோயிலுக்குப் போய்விட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவார்.

அதே கடைவீதியைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி, பெரிய சுப்பர் மார்க்கெட் வந்தது. கண்ணாடிக் கதவு, குளிர் காற்று. முதல் தடவை போனபோது எண்ணினேன்: அரிசியில் பதினான்கு வகை, தண்ணீரில் மட்டும் ஆறு வகை. தண்ணீரில் ஆறு வகை இருக்க முடியும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்கு அதுவரை தெரியாது. வெலிமடைக் கரட்தான் இங்கேயும், அங்கேயும். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே லொறியில் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கடைவீதியில் அது மண்ணோடு சாக்கில் கிடக்கும். இங்கே கழுவி, தலை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி, மேலிருந்து பனி மாதிரி தண்ணீர் தூவுகிறார்கள்.

எது நல்ல கடை என்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியாது. கடைவீதிக் கடையை எல்லாரும் புகழ்கிறார்கள். மனிதர் முகம் பார்த்துக் கொடுக்கிறார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஐம்பது கிராம் பால்மா என்று ஒரு தாய் கேட்டால், பின்னால் நிற்கிற எட்டுப் பேருக்கும் அந்த ஐம்பது கேட்கும். முதலாளியின் மனைவி ஒரு நாள், “பிள்ளைக்கா, தேத்தண்ணிக்கா?” என்று விசாரித்தாள். அன்பாகத்தான் கேட்டாள். அந்தத் தாய் காசை மேசையில் வைத்தாள். சுப்பர் மார்க்கெட்டில் அந்த அவமானம் இல்லை. எடுக்கலாம், வைக்கலாம், வெறும் கையோடு திரும்பலாம், யாருக்கும் கேட்காது. அது எனக்குப் பிடித்தே இருந்தது. கடைவீதியில் ஒருவர் கொடுக்க நாம் வாங்குகிறோம், இங்கே நாமே எடுக்கிறோம் என்ற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அண்ணன் மகளுக்கு அந்தச் சுப்பர் மார்க்கெட்டில்தான் வேலை கிடைத்தது. பில் போடும் கவுண்டரில். அந்த லயத்தில் கொழுந்து மலைக்குப் போகாமல் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண்பிள்ளை அவள். முதலில் தகுதிகாண் காலம். அது ஒழுங்காக முடிந்தால்தான் நிரந்தரம். சொந்தக்காரருக்குப் பில் போடக் கூடாது, அவர்களோடு கவுண்டரில் நின்று பேசக் கூடாது என்று சட்டம். அவளுக்கு முன் இருந்த ஒரு பிள்ளையின் தம்பி சவர்க்காரம் ஒன்றைச் சட்டைக்குள் வைத்து அகப்பட்டதில், அந்தப் பிள்ளையையும் அன்றே அனுப்பிவிட்டார்களாம். அண்ணியிடம் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: “அம்மா, நீங்க அங்க வரவே வேணாம். வந்தாலும் என்னைய கூப்பிடாதீங்க.”

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம் அண்ணி வந்தார். கடைவீதியில் மாவும் பருப்பும் கருவாடும் வாங்கியாயிற்று. பஸ் நிலையப் பக்கம் திரும்பியபோது நின்றுவிட்டார்.

“தம்பி, அது மெஷின்ல ஒக்காந்திருக்கிறத ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்.”

“வர வேணாம்னு சொல்லியிருக்கே அண்ணி.”

“கிட்ட போக மாட்டேங்க. தூரத்துல நின்னு பாப்பேன். சும்மா நின்னா ஒரு மாதிரி பாப்பாங்க, ரெண்டு சாமான் வாங்குவோம்.”

வாசலில் பைகளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். மகள் மூன்றாவது கவுண்டரில் இருந்தாள். அண்ணி பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். மகள் நிமிரவில்லை, சாமான்களை ஒவ்வொன்றாக மெஷினுக்கு முன் காட்ட, அது ஒவ்வொரு தடவையும் சின்னதாகச் சத்தம் போட்டது. “எவ்வளவு வெரசா செய்யுது பாருங்க,” என்றார் அண்ணி, மெல்ல. கேக்குக்கு ஒரு பிளம்ஸ் பக்கற்றும் கொஞ்சம் கரட்டும் எடுத்தார். மரக்கறிப் பக்கத்தில் ஒரு பெண் கரட்டை நிறுத்து, பையில் விலை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தாள். நான் சவர்க்கார வகைகளை எண்ணிக்கொண்டு கொஞ்சம் முன்னால் போய்விட்டேன்.

அண்ணி கருவேப்பிலைத் தட்டுக்கு வந்திருக்கிறார். நிறுத்தாயிற்று. போட வேண்டிய கை அங்கே இல்லை. இங்கே எல்லாம் தானே எடுக்கிற கடை என்று அவருக்குச் சொல்லியிருந்தோம். இரண்டு கொத்தை எடுத்தார். ஸ்டிக்கர் ஒட்டிய பைக்குள் மேலாக வைத்துக்கொண்டார்.

மகளிடம் போகாமல் முதலாம் கவுண்டருக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பிள்ளை பையைத் தூக்கிப் பார்த்து யாரையோ கூப்பிட்டது. மனேஜர் வந்தார். கொழும்புப் பக்கத்து இளைஞர், மரியாதையான ஆள். வாசல் ஓரத்தில் ஒரு மேசைக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார். நான் விளக்கினேன்: எங்கள் கடைகளில் எடைக்கு மேல் இது சும்மா போடுவது, வயது போனவர், தெரியாமல் செய்துவிட்டார், காசைக் கட்டிவிடுகிறேன்.

“தெரியும் ஐயா. எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலயும் போடுவாங்க. ஆனா அது கடைக்காரர் போடுறது. இங்க இவங்களே போட்டிருக்காங்க, அதுவும் ஸ்டிக்கர் ஒட்டின பிறகு. இப்பிடித்தான் ஐயா நெறைய போகுது. கெமரால இருக்கு, நான் பேசாம விட்டா என்னைய கேப்பாங்க.”

அவர் சொன்னதில் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அண்ணியிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

“ஸ்பிரிங்வெளிங்க.”

“அங்கருந்து எங்ககிட்ட ஒரு பிள்ளை வேலை செய்யுது. தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா.”

மனேஜர் போனை எடுத்தார். படம் எடுத்து வைக்க வேண்டுமாம், அதுவும் சட்டம். அண்ணியை நேராக நிற்கச் சொன்னார். அந்த நேரம் மூன்றாவது கவுண்டரில் மெஷின் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை, திரும்பினால் காட்டிக்கொடுத்தது போலாகும். அண்ணிக்கும் சத்தம் நின்றது கேட்டிருக்க வேண்டும். முதுகு அந்தப் பக்கம் இருக்க, அவர் உரத்த குரலில் சொன்னார்: “எனக்கு ஒரே மகதாங்க ஐயா. அது கொழும்புல இருக்கு. இங்க எனக்கு யாருமில்ல.”

கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி சத்தம் போட்டது.

பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அண்ணி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “அது எந்திரிக்கலதானே தம்பி?”

“நான் பாக்கல அண்ணி.”

“எந்திரிச்சிருக்காது. சொன்னத கேக்கும்.”

மகளுக்கு வேலை நிரந்தரமானது. அண்ணியின் படம், வேறு ஐந்து பேரின் படங்களோடு, வேலை செய்பவர்கள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. அடியில் ‘கவனம்’ என்று எழுதியிருந்ததாம். கூட வேலை செய்யும் பிள்ளைகள் அதற்குக் கருவேப்பிலை ஆச்சி என்று பெயர் வைத்தார்கள். “ஆச்சிக்கும் ரெண்டு வாய் வைங்கடி,” என்று சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது யாராவது சொல்வார்களாம். “நான் செவுத்துக்கு முதுகக் காட்டி ஒக்காந்துக்குவேன் சித்தப்பா,” என்றாள் அண்ணன் மகள். “ஆனா எனக்கு எதிர்ல இருக்கிறவங்க அதப் பாத்துக்கிட்டுத்தானே சாப்பிடுறாங்க. சிரிக்கிறப்ப நானும் சிரிக்கணும்.” இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் படம் சுவரில் இருக்கிறது என்பது எப்படியோ அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் பதுளைக்கு வருவது குறைந்தது. வந்த ஒரு நாள், கடைவீதியில் முதலாளியின் இடது கை கீழே போகும் முன்பே, “வேணாங்க மொதலாளி, எல போடாதீங்க,” என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே போட்டார். அண்ணி அந்த இரண்டு கொத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் எதிரிலிருந்த தகர டின்களை எண்ண ஆரம்பித்தேன்.

போன மழைக்காலத்தில் அண்ணி நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்: “நான் செத்தா கடைப் புள்ளைங்க வேன் புடிச்சு வருவாங்க தம்பி. பொட்டிய மூடிருங்க. நீங்களும் அந்த நேரம் கண்ணுல படாதீங்க, அந்த ஐயாவுக்கு ஒங்க மொகம் ஞாபகம் இருக்கும்.”

அவர் செத்ததும் அப்படியே செய்தோம். எங்கள் சனத்தில் கடைசி வரைக்கும் முகம் திறந்திருக்க வேண்டும். முத்தம் கொடுத்து, குழியடியில்தான் மூடுவார்கள். நமுனுகுலவிலிருந்து வந்த சொந்தங்கள் சத்தம் போட்டன. “மூணு பஸ் மாறி வந்திருக்கோம். மொகத்த மூடி வைக்க அது என்ன கொள்ள நோயா?” பெட்டியின் தலைமாட்டில், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய இளவயதுப் படம் ஒன்றை வைத்திருந்தார்கள். அண்மையில் எடுத்த படம் வீட்டில் கிடையாது. வேன் வந்ததும் நான் லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலியடியில் போய் நின்றேன். சொந்த அண்ணியின் சாவு வீட்டில், களவெடுத்தவனைப் போல ஒளிந்து நின்றேன். இறங்கியவர்கள் பதினொரு பேர், மனேஜரோடு பன்னிரண்டு. அவர்கள் செபம் சொன்னது தகரத்துக்கு மேலால் கேட்டது. நல்ல பிள்ளைகள், இரண்டொருவர் அழுதார்கள் கூட. யாரை அடக்கம் பண்ண வந்தோம் என்று தெரியாமலே போனார்கள். மகளின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்திய நாள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கடைச் சீருடையில் இல்லை. ஒரு கடித உறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அடியில் எழுதியிருந்த பகுதியைக் கத்தரித்திருந்தாள்.

“சாப்பாட்டு நேரம் எல்லாரும் இருக்கையிலதான் கழட்டினேன் சித்தப்பா. மனேஜர் வந்து ஏன்னு கேட்டாரு. எங்கம்மான்னேன். அவரு, ஒன்னைய நாளைக்கு வராதேன்னு சொல்ற நெலமையில என்னைய வச்சிட்டியேன்னாரு.”

வேலை போய்விட்டது. உண்மையை மறைத்ததற்காக என்று மேலிடத்திலிருந்து பதில் வந்ததாம். இப்போது அவள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். பதுளையில் கண்ணாடிக் கதவு வைத்த கடைகள் இப்போது ஏழு. ஏழிலும் முந்திய வேலை ஏன் போனது என்று விசாரிக்கிறார்கள்.

அன்று அந்தப் படத்தை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அண்ணி நேராக நிற்கிறார், இரண்டு கையும் சேலையை ஒட்டி. அவருடைய தோளுக்குப் பின்னால், சிறியதாக, கொஞ்சம் கலங்கலாக, மூன்றாவது கவுண்டர் தெரிகிறது. அங்கே சீருடையில் ஒரு பெண், ஒரு கை மெஷின் மேல் இருக்க, இருக்கையை விட்டுப் பாதி எழுந்திருக்கிறாள்.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் படத்தைத் திருப்பி வாங்கி உறைக்குள் வைத்தாள்.

“பூசைக்கு வைக்கப் பெருசாக்கக் குடுக்கப் போனப்ப ஸ்டூடியோக்காரரும் பாத்துட்டாரு சித்தப்பா. பின்னுக்கு யாரோ எந்திரிக்கிறாங்களே தங்கச்சி, வெட்டிருவமான்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“இருக்கட்டும்னேன்.”