உப்பில் வரைந்த மாமா

சாயம் தோய்த்த ஈர உப்பு விரல் வெடிப்பில் பட்டதும் ‘சுரீர்’ என்று எரியும். வருடத்துக்கு ஒருமுறை நற்கருணைப் பவனி வரும் ஞாயிறன்று அந்த எரிச்சலோடுதான் எனக்குப் பொழுது விடியும். மாதா கோயில் சாமியார் நற்கருணை அப்பத்தை ஏந்தி நடந்து வருவதற்காக, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாய உப்பால் கோலமிடுவோம். மற்றவர்கள் பூவும் புறாவும் போட்டுவிட்டு எட்டு மணிக்கே இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள். அப்பாவின் அக்காவான லூர்து அத்தை மட்டும் சாயங்காலம் வரை குனிந்தே இருப்பாள். அவள் வரைவது வள்ளத்தில் நிற்கும் மீனவப் புனிதர் இராயப்பரை. முகம் மட்டும் மாமாவுடையது.

மாமா சங்கு குளிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. அவர் இலங்கைப் பக்கம் எங்கேயாவது கரையேறியிருப்பார் என்று அத்தை நம்பினாள். அவர்கள் கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்தையும் அப்பா, மாமாவைத் தேடச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிய மனுவில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்; பிரதி எடுக்க வேண்டுமென்று எங்கள் வீட்டு அறிவாளிகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடையாய் நடந்தும் படம் திரும்ப வரவில்லை.

பொடி உப்பை இரு விரலால் கிள்ளிக் கிள்ளி ஒரு புருவத்துக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய் பிளந்து நிற்பார்கள். நின்றவர்களிடமெல்லாம் நிமிராமலே கேட்பாள்: “அண்ணாச்சி, இந்த மொகத்த எங்கனயாச்சும் பாத்திருக்கியளா?” அவள் ஏன் அவ்வளவு மெதுவாக வரைந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் யார் நிற்பார்கள்? நின்றவர்களும் “இல்லக்கா” என்றுதான் சொன்னார்கள். மாலையில் பவனி மாமாவின் மேல் நடந்து போகும்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் வள்ளம், வலை, கைகள் எல்லாம் முடித்து முகத்துக்கு வந்தவள், உப்பைக் கிள்ளியபடியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏளா, அவுக மூக்கு எப்பிடி இருக்கும்?” என்று அம்மாவைக் கேட்டாள்.

“போன வருசம் நீங்க போட்ட மாதிரிதான், மைனி.”

“அது நான் போட்டதுல்லா? நான் அவுக மூக்கக் கேட்டேன்.”

அப்பா தரையைப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம் நின்றிருந்தது. அன்றைக்கு அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தார்ச்சாலை தெரிய, அதன் மேல் பவனி கடந்து போனது. மறுவருடம் அவள் உப்பைத் தொடவில்லை.

இப்போது அச்சடித்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து ஐந்தே நிமிடத்தில் விரித்துவிடுகிறார்கள். எந்த லாரியும் நிற்பதில்லை. அத்தை, அப்பா, அம்மா மூவரும் கல்லறையில் இருக்கிறார்கள். மாமாவை நினைத்தால் எனக்கும் உப்பு முகம்தான் வருகிறது. உண்மையில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்க எனக்கு இனி ஆள் கிடையாது.